ஏரிக்கரைக்கு ஒரு கருத்துக்கேட்பு: பதில் பொத்தானை எடுத்துவிடலாமா?

#1 பனையோலை (தொடக்கப் பதிவு)

எங்கள் நகராட்சி எல்லையில் உள்ள ஏரியின் கரையைச் சீரமைக்கும் திட்டம் ஒன்று வரவிருக்கிறது. கரை நெடுகிலும் நடைபாதையும் கம்பிவேலியும் அமைப்பது முதல் யோசனை. சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருப்போர் இதை வரவேற்கிறார்கள். மாடு மேய்ப்போர், துணி வெளுப்போர், மீன்பாசி ஏலம் எடுத்தோர், மதகுக்குக் கீழே வயல் வைத்திருப்போர் ஆகியோருக்கோ வேலி என்ற சொல்லே கசக்கிறது. நகராட்சி தன் கருத்துக்கேட்புக் கூட்டத்தை நடத்துவதற்கு முன்பே, ஊராரின் எண்ணங்களை ஒழுங்காகத் தொகுத்து நகர்மன்றத்தின் முன் வைக்க எங்கள் ஏரிப் பாதுகாப்புக் குழு விரும்புகிறது.

முதலில் வாட்ஸாப் குழு தொடங்கினோம். ஏறத்தாழ நானூறு பேர் சேர்ந்த அந்தக் குழுவில் தொடர்ந்து எழுதியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தாம். மூன்றாம் நாள் இரவு பேச்சு ஏரியை விட்டுக் கட்சிகளுக்குப் போனது. ஒரு வாரத்துக்குள் முப்பது பேருக்கு மேல் வெளியேறினார்கள். அவர்களில் துணி வெளுக்கும் தொழில் செய்யும் இரண்டு குடும்பத்தாரும் இருந்தார்கள் என்பதும், அவர்கள் அதுவரை ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை என்பதும் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

தைவானில் சட்ட வரைவுகளைக் குறித்து மக்கள் கருத்தைத் திரட்டப் பயன்பட்ட ஒரு மென்பொருளில் ஒருவருக்கொருவர் பதில் எழுதும் வசதியே கிடையாது என்று படித்தேன். பதில் எழுத முடியாத இடத்தில் நடப்பதை விவாதம் என்று சொல்லலாமா, அல்லது அது அழகுபடுத்தப்பட்ட வாக்கெடுப்புத்தானா? இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

நீங்கள் குறிப்பிடுவது பொல்-இஸ் என்ற திறந்த மூல மென்பொருள். (இலங்கை நண்பர்கள் எழுதும் முறையில் எழுதினால் அது காவல்துறை ஆகிவிடும் என்பதால் நடுவில் ஒரு கோடு இட்டுக்கொள்கிறேன்.) அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உருவானது. நான் தரவுப் பகுப்பாய்வுத் தொழிலில் இருப்பவன் என்பதால் அது இயங்கும் விதத்தைச் சொல்கிறேன்.

கலந்துகொள்பவர் முன் ஓரிரு வரியில் அமைந்த கூற்றுகள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் அவர் உடன்படலாம், மறுக்கலாம் அல்லது கடந்து செல்லலாம். தம் எண்ணம் அவற்றில் இல்லை என்று கருதினால் புதிய கூற்று ஒன்றைத் தாமே எழுதலாம். அதுவும் மற்றவர்கள் முன் வாக்குக்குப் போகும். அடுத்தவர் கூற்றின் கீழே பதில் எழுதுவதற்கு மட்டும் இடமில்லை. ஒரு கூற்றை ஏற்காதவர் அதை எழுதியவரைத் தாக்க முடியாது. பலர் ஏற்கும்படியான வேறொரு கூற்றை எழுதுவதுதான் அவருக்குத் திறந்திருக்கும் வழி. சண்டைக்கு இறங்குபவருக்கு அங்கே களம் கிடைப்பதில்லை.

பின்னணியில் மென்பொருள், யார் யார் ஒரே மாதிரி வாக்களித்திருக்கிறார்கள் என்று பார்த்து மக்களைக் கூட்டங்களாகப் பிரித்து ஒரு வரைபடத்தில் காட்டுகிறது. ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் காட்டிலும், எந்தக் கூற்று எல்லாக் கூட்டங்களிலும் ஒருசேர ஏற்கப்படுகிறது என்பதற்கே அது முதன்மை தருகிறது. ஆயிரம் பேர் உள்ள கூட்டம் தன் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு கூற்றைப் பொது இசைவாக ஆக்கிவிட முடியாது. ஐம்பது பேர் உள்ள கூட்டத்தின் இசைவும் வேண்டும். வாக்கெடுப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

#3 சின்ச்சுவாசி

சில ஆண்டுகளாகத் தைவானில் ஆய்வுப் பணியில் இருக்கிறேன். மென்பொருளுக்கு முன்னால் அங்கே நடந்த கதையைச் சொல்லாவிட்டால் படம் அரைகுறையாக இருக்கும்.

2014 மார்ச் 18 அன்று, சீனாவுடனான சேவைத்துறை வணிக ஒப்பந்தத்தை உரிய ஆய்வின்றி நிறைவேற்ற முயல்கிறார்கள் என்று கொதித்த மாணவர்கள் தைவான் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, மூன்று வாரங்களுக்கு மேல் அதைத் தம் வசம் வைத்திருந்தார்கள். சூரியகாந்தி இயக்கம் என்று பெயர். உள்ளே நடப்பதை வெளியே நேரலையாகக் காட்டவும் இணைய இணைப்புத் தரவும் உதவியவர்கள் கவ்-ஜீரோ என்ற தன்னார்வ நிரலாளர் குழுவினர். அதே ஆண்டின் இறுதியில், அமைச்சர் ஜாக்லின் சாய் அந்தக் குழுவின் கூடுகைக்கே நேரில் சென்று, இணையச் சட்டங்களைப் பொதுமக்களோடு பேசித் தீர்க்க ஒரு மேடை அமைத்துத் தருமாறு கேட்டார். அதுதான் வி-தைவான். கேட்டது அரசு, கட்டியது மக்கள் தரப்பு என்ற இந்த வரிசையைக் கவனியுங்கள்.

2015-இல் ஊபர் சிக்கல் வந்தது. தொழில்முறை உரிமம் இல்லாதவர்கள் சொந்தக் காரில் ஆள் ஏற்றலாமா என்பது கேள்வி. சில வாரங்கள் பொல்-இஸ் வழியாகக் கருத்துத் திரட்டினார்கள். தொடக்கத்தில் ஊபரை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் எதிரெதிர் முனைகளில் நின்றார்கள். நாட்கள் செல்லச் செல்ல, பயணிக்குக் காப்பீடு வேண்டும், ஓட்டுநருக்கு முறையான உரிமம் வேண்டும், வரி ஒழுங்காகக் கட்டப்பட வேண்டும், டாக்சிகளின் சேவைத்தரமும் உயர வேண்டும் என்ற கூற்றுகளில் இரு தரப்பும் கைகோத்தன. பிறகு ஊபர் நிறுவனம், டாக்சி சங்கங்கள், அதிகாரிகள் ஆகியோரை ஒரே மேசையில் அமர்த்தி, அந்தக் கூற்றுகளையே நிகழ்ச்சி நிரலாக வைத்து, நேரலையில் பேசவைத்தார்கள். ஆகவே பனையோலை கேட்ட விவாதம் அங்கே நடக்கத்தான் செய்தது. முதல் கட்டத்தில் இல்லை, இரண்டாம் கட்டத்தில் நடந்தது. செயலி வழியாக அழைக்கும், மஞ்சள் நிறம் பூசத் தேவையில்லாத புதிய வகை டாக்சிகளை 2016-இல் அரசு விதிகளில் சேர்த்தது.

#4 மூன்றாம் வரிசை

வழக்கறிஞன் என்பதால் எனக்கு மென்பொருளைவிட அதன் மறுமுனையில் அமர்ந்திருப்பவர் மீதுதான் கண்.

ஐஸ்லாந்தில் 2011-இல் 25 பேர் கொண்ட அரசியலமைப்புக் குழு தன் வரைவுகளை இணையத்தில் வைத்து மக்களிடம் கருத்துக் கேட்டே எழுதியது. 2012 அக்டோபரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஆதரித்தார்கள். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. மத்ரித் மாநகரத்தின் இணைய மேடையில் ஆயிரக்கணக்கான முன்மொழிவுகள் குவிந்தன. வாக்காளர்களில் 1 விழுக்காட்டினர் ஆதரவு என்ற வரம்பைத் தாண்டி 2017-இல் நகர அளவிலான வாக்கெடுப்புக்குப் போனவை இரண்டே இரண்டு. சொல்லக் கூப்பிட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டால், எவ்வளவு நேர்த்தியான கருவியும் மக்களின் ஓய்வு நேரத்தைத் தின்னும் எந்திரமாகிவிடும்.

நம் நாட்டிலும் 2014-இல் வகுக்கப்பட்ட சட்டமுன் கலந்தாய்வுக் கொள்கையின்படி, ஒவ்வொரு வரைவும் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வந்த கருத்துகளின் தொகுப்பையும் துறை வெளியிட வேண்டும். ஆனால் அது கொள்கைதான். மீறினால் நீதிமன்றத்துக்கு இழுக்கத்தக்க சட்டம் அன்று. 2020-இல், திட்டங்கள் சூழலை எப்படிப் பாதிக்கும் என்று ஆராயும் விதிகளை மாற்றும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை ஊரடங்குக் காலத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டார்கள். தமிழ் உள்ளிட்ட, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் அதை மொழிபெயர்க்கும்படியும், கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டிக்கும்படியும் தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று ஆணையிட வேண்டியிருந்தது. மதகுக்குக் கீழே வயல் வைத்திருப்பவர் தம் ஏரியைப் பாதிக்கக்கூடிய விதியைத் தமிழில் படிப்பதற்கே ஒரு வழக்குத் தேவைப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். மின்னஞ்சல்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. பெரும்பகுதி ஒரே வார்ப்பில் அச்சடித்தவை. அந்த வரைவு இறுதி அறிவிக்கையாக வெளிவரவில்லை. ஆனால் அதன் சில கூறுகள் தனித்தனித் திருத்தங்களாகவும் அலுவலகக் குறிப்பாணைகளாகவும் வந்தன என்று சூழலியலாளர்கள் சொல்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2015-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இணையச் சமநிலை (எல்லா இணையத் தளங்களையும் பாகுபாடின்றி நடத்துவது) பற்றிக் கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் வந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, தரவுக்குப் பாகுபாடான கட்டணம் வசூலிப்பதை ஆணையம் தடைசெய்தது. மக்கள் திரண்டது ஒரு காரணம் என்றால், அந்த ஆணையம் வெளிப்படையாக நடந்துகொள்ள வேண்டும் என்று அதன் தாய்ச்சட்டத்தின் 11(4) பிரிவே கட்டளையிடுவது இன்னொரு காரணம். அதே 2016-இல், அழைப்புத் துண்டிப்புக்கு இழப்பீடு தரும் விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, வெளிப்படைத்தன்மை போதாது என்பதை ஒரு குறையாகச் சுட்டியதோடு, முன்னறிவித்துக் கருத்துக் கேட்கும் நடைமுறையைப் பொதுச்சட்டமாக்குமாறு நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைக்கவும் செய்தது. அந்தச் சட்டம் வராத வரையில், எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்விக்கு முன், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்று கேளுங்கள்.

#5 சின்ச்சுவாசி

மூன்றாம் வரிசை ஐயா சொல்வதை மறுக்க மாட்டேன். தைவானிலும் அதற்குச் சான்று இருக்கிறது. இணையத்தில் மது விற்பது பற்றி வி-தைவானில் 2016-இல் நல்ல விவாதம் நடந்தது. பிள்ளைகள் கையில் சேராமல் வயதைச் சரிபார்க்கும் வழிமுறைகளில் இரு தரப்பும் நெருங்கி வந்தும், சட்டம் அசையவில்லை. வி-தைவானின் முடிவுகளை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தொடக்ககால வேகம் பின்னாளில் தணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஊபர் கதையும் சுபமாக முடிந்துவிடவில்லை. அபராதம் கடுமையாக உயர்த்தப்பட்டதால் 2017 பிப்ரவரியில் அந்நிறுவனம் சேவையை நிறுத்தி, இரண்டு மாதம் கழித்து வாடகைக்கார் நிறுவனங்களோடு சேர்ந்துதான் திரும்பியது. ஊடகங்களில் வரும் வெற்றிக் கட்டுரைகள் இந்தப் பகுதியைச் சுருக்கிவிடுகின்றன.

ஆனால் அரசே நடத்தும் ஜாயின் என்ற மனுத் தளத்தில் கடமை எழுத்தில் இருக்கிறது. ஒரு மனுவுக்கு 60 நாட்களுக்குள் 5,000 பேர் ஆதரவு தெரிவித்தால், உரிய துறை இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். 2017-இல் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும் மென்பொருள் பயன்படுத்தவே முடியாத அளவுக்கு மோசமாக இருக்கிறது என்று வடிவமைப்பாளர் ஒருவர் கடுங்கோபத்தோடு அதில் எழுதினார். அவரையும் அவரைப் போலக் கோபப்பட்டவர்களையும் நிதித்துறை அதிகாரிகளோடு உட்காரவைத்து, வரி செலுத்துபவர் எந்தத் திரையில் எதற்காகத் திணறுகிறார் என்று சுவரில் சீட்டு ஒட்டிப் பிரித்தார்கள். அடுத்த ஆண்டே மாற்றம் தெரிந்தது. இந்தக் கூட்டங்களை ஒருங்கிணைக்க ஒவ்வோர் அமைச்சகத்திலும் மக்கள் பங்கேற்பு அலுவலர்களை அமர்த்தியது, 2016-இல் அமைச்சரவைக்கு வந்த ஆட்ரி டாங் செய்த ஏற்பாடு. என்னைக் கேட்டால், அந்த அலுவலர்கள்தாம் உண்மையான கண்டுபிடிப்பு. பொல்-இஸ் வரைபடம் பார்வைக்கு அழகானது, அவ்வளவே.

#6 முன்னாள் வார்டு உறுப்பினர்

நான் ஐந்தாண்டுக் காலம் ஊராட்சியில் இருந்தவன். படித்தவர்கள் பேசுகிற இடத்தில் ஒரு சிறு குறுக்கீடு.

எங்கள் கிராம சபை முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடியது. இப்போது ஆறு முறை. குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பு உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு. புத்தகத்தில் ஏறிய தீர்மானத்துக்கு ஒரு கனம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் யாரேனும் அதைப் புரட்டி, போன முறை எழுதியது என்னவாயிற்று என்று கேட்கலாம், கேட்டிருக்கிறார்கள். உங்கள் கைப்பேசி வரைபடத்துக்கு அந்தப் புத்தகத்தில் இடம் கிடைக்குமா? நகராட்சியாக இருந்தால், வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் பகுதி சபை இருக்கிறது. அதன் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றப் பாருங்கள்.

இன்னொன்று. துணி வெளுக்கும் அம்மாவின் கையில் கைப்பேசி இருக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் மகனுடைய எண்ணாக இருக்கும். அவர் படிப்பதைவிடப் பேசுவதில் தேர்ந்தவர். சத்தீஸ்கரில் 2010 முதல் நடந்துவரும் சிஜிநெட் ஸ்வரா பற்றிச் செய்தியாளர் நண்பர் ஒருவர் வழியாக அறிந்தேன். மக்கள் ஓர் எண்ணுக்கு அழைத்துத் தம் குறையைக் கோண்டி மொழியிலேயே பேசிப் பதிவு செய்கிறார்கள். சரிபார்த்தபின் மற்றவர்கள் அதே எண்ணில் அழைத்துக் கேட்கிறார்கள். சாதாரணக் கைப்பேசியே போதும். அதை அப்படியே செய்ய உங்களால் முடியாமல் போகலாம். ஆனால் ஒரு தன்னார்வலர் படித்துறையில் போய் உட்கார்ந்து, கூற்றுகளை வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிச் சேர்க்கலாம். படித்துறைக்குக் காலை ஆறு மணிக்குப் போக வேண்டும், அதுதான் சிரமம்.

#7 கணக்குப்பிள்ளை

முன்னாள் உறுப்பினர் சொன்னதோடு என் தொழில் எச்சரிக்கை ஒன்றையும் சேர்க்கிறேன். இந்த வரைபடம் ஊரின் மக்கள்தொகைக் கணக்கு அன்று. வந்தவர்களின் படம் மட்டுமே. ஒரு தரப்பினர் வராமலே போனால் அவர்களுக்கு வரைபடத்தில் கூட்டமே இருக்காது. அப்போது ‘எல்லாக் கூட்டங்களும் ஏற்றன’ என்ற வாசகம் பொய்யாகிவிடும். ஆகவே தொடக்கக் கூற்றுகள் பதினைந்தோ இருபதோ நீங்கள் எழுதும்போது, மேய்ப்போரும் வெளுப்போரும் சொல்லக்கூடியவை அவற்றில் பாதியாவது இருக்கட்டும். ஒரு கூற்றில் ஒரே எண்ணம்தான் இருக்க வேண்டும். ‘நடைபாதை வேண்டும், ஆனால் வேலி கூடாது’ என்று எழுதினால், மறுப்பவர் எதை மறுத்தார் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

#8 மூன்றாம் வரிசை

இரண்டு செய்திகளைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

முதலாவது, இசைவைத் தேடும் ஆர்வத்தில் பிணக்கை மறைத்துவிடாதீர்கள். ‘ஏரி தூய்மையாக இருக்க வேண்டும்’ என்ற கூற்றை நூற்றுக்கு நூறு பேர் ஏற்பார்கள். அதைச் சொல்ல மென்பொருள் எதற்கு? வேலி போட்டால் ஒருவரின் பிழைப்புப் போகும் என்பது பெரும்பான்மையால் தீர்க்கக்கூடிய செய்தி அன்று. எல்லாக் கூட்டங்களும் ஏற்றவற்றை ஒரு பக்கத்தில் போட்டால், கூட்டங்கள் பிளந்து நிற்பவற்றை எதிர்ப்பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.

இரண்டாவது, பெயர். தொலைத்தொடர்பு ஆணையத்தை மேலே புகழ்ந்தேன். அந்த ஆணையமே 2015 ஏப்ரலில், கருத்து அனுப்பியோரின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்துத் தளத்தில் ஏற்றியது. லட்சக்கணக்கான முகவரிகள் குப்பை அஞ்சல்காரர்களுக்கு வாரி வழங்கப்பட்டன. பத்தாண்டு கழித்து, 2025 ஜனவரியில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவுக்கு மைகவ் என்ற ஒன்றிய அரசுத் தளத்தின் வழியே கருத்துக் கேட்டபோது, வந்த கருத்துகளை வெளியிடப் போவதில்லை என்று அறிவித்தார்கள். ஒன்றில் எல்லாம் அம்பலம், மற்றொன்றில் எல்லாம் பெட்டிக்குள். கூற்றுகளையும் வாக்கு எண்ணிக்கையையும் வெளியிடுங்கள். யார் எப்படி வாக்களித்தார் என்பதை உங்கள் குழுவினரே பார்க்க முடியாதபடி வையுங்கள். சிறிய ஊரில் ஏலம் எடுத்தவருக்கு எதிராக வாக்களித்தது தெரிந்தால் மறுநாள் கரையில் கால் வைப்பதே கடினமாகிவிடும்.

#9 பனையோலை

அனைவருக்கும் நன்றி. குழுவில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம்.

பதில் பொத்தான் இல்லாமலே மூன்று வாரம் கூற்றுகளைத் திரட்டுவோம். அதில் முதல் வாரம் கைப்பேசி இணைப்பை எங்கும் பகிர மாட்டோம். படித்துறையிலும் மேய்ச்சல் வெளியிலும் மதகடியிலும் நேரில் போய்ச் சேர்த்த கூற்றுகளும் வாக்குகளும் முதலில் உள்ளே வரட்டும். அடுக்ககவாசிகள் திறந்து பார்க்கும்போது அந்தக் குரல்கள் ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். பிறகு, இசைந்தவற்றையும் பிளந்தவற்றையும் எதிரெதிரே அச்சிட்ட தட்டியை ஏரிக்கரையிலேயே வைத்து, பொறியாளரையும் வார்டு உறுப்பினரையும் அழைத்துக் கூட்டம் நடத்துவோம். வாக்குவாதத்துக்கான இடம் அந்தக் கூட்டம்தான்.

பதில் சொல்லும் கடமை பற்றி: முதலிடம் பெறும் பத்துக் கூற்றுகளுக்கு 30 நாளில் எழுத்தில் பதில் தர இசைகிறீர்களா என்று நகராட்சிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். ‘பார்க்கலாம்’ என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். கடிதம் கிடைத்ததற்கான முத்திரை மட்டும் கையில் இருக்கிறது. பதில் வராவிட்டால் அடுத்த பகுதி சபையில் அந்தப் பத்தையும் தீர்மானமாகவே முன்வைப்போம்.

தொடக்கக் கூற்றுகளில் ஐந்தை இங்கே இடுகிறேன். சொற்களில் கோணல் இருந்தால் சுட்டுங்கள்.

கரையைச் சுற்றி முழுவதும் வேலி வேண்டும்.
மாடுகள் இறங்கும் சரிவு அப்படியே இருக்க வேண்டும்.
நடைபாதையில் இரவு பத்து மணி வரை விளக்கு எரிய வேண்டும்.
நடைபாதைக்காக ஏரியின் நீர்ப்பரப்பு ஓர் அடிகூடக் குறையக் கூடாது.
படித்துறையில் உள்ள ஆக்கிரமிப்புக் கற்களை அகற்ற வேண்டும்.

#10 முன்னாள் வார்டு உறுப்பினர்

ஐந்தாவதில் ஆக்கிரமிப்பு என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் அம்மா. அவை துணி துவைக்கும் கற்கள். ‘படித்துறையில் துணி துவைக்கும் கற்கள் இருக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். வேண்டாம் என்பவர் மறுத்து வாக்களிக்கட்டும்.